எளிமைக்கு விலை தருபவர் யார்?

"இந்த வண்டியில் தம்பியை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், அப்பா" என்று என் மகள் ஒருநாள் காலையில் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. மழைக்காலத்தில் குடையை மறக்க வேண்டாம் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பேரன் புத்தகப் பையுடன் வாசலில் நின்றான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளே அவனைத் தன் காரில் அழைத்துச் சென்றாள்.

அன்று முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஒருவன் எந்த வண்டியில் செல்வது என்பது அவனவன் பணப்பையைப் பொறுத்த காரியம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். சற்று மிஞ்சினால் அவனவன் விருப்பத்தைப் பொறுத்தது. அது அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் வண்டி 1980களின் நடுவில் பதிவு பெற்றது. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது வாங்கியது. அதன் முன்மூடியைத் திறந்தால் இயந்திரத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே கையை நுழைத்து வேலை செய்ய இடம் உண்டு. சில இடங்களில் கீழே உள்ள தரைகூடத் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இது, மின்பொறியை முறை வைத்து நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இது என்று விரல் வைத்துச் சுட்டிக்காட்டலாம். ஒரு பகுதிக்கு நோய் வந்தால் அதன் அடையாளம் வெளியே தெரிந்துவிடும். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். எண்ணெய் எரிந்தால் நீலப்புகை வரும். பிரேக் கட்டை தேய்ந்தால் கீச்சென்ற ஒலி எழும். படிப்பறிவு மிகுதியாக இல்லாதவரும் இந்த மொழியைச் சில ஆண்டுகளில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு மாலையில் கோலக் கங்சார் பழைய சாலையில் பெருமழை பிடித்துக்கொண்டது. தேங்கிய நீரைக் கடந்த சிறிது தூரத்தில் இயந்திரம் இருமியது, பிறகு நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் மின்பொறி போக வேண்டிய வழியில் போகாமல் கசிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மழை சற்று ஓய்ந்ததும் மூடியைக் கழற்றி, உலர்ந்த கைக்குட்டையால் உள்ளும் புறமும் துடைத்து மாட்டினேன். வண்டி புறப்பட்டது. அந்த மகிழ்ச்சியை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் நான் மிச்சம் பிடித்த பணத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ மகிழ்ச்சி வேறு. காரணம் இன்னது, காரியம் இன்னது என்று ஒரு பொருளோடு நேருக்கு நேர் நின்று அறிந்துகொண்ட மகிழ்ச்சி அது. அன்றாட வாழ்வில் அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் எத்தனை வாய்க்கின்றன?

எங்கள் ஊரில் ஒரு போமன் இருக்கிறார். தோட்டத்து ஆலையில் இயந்திரம் பார்த்தவரிடம் சிறுவயதில் தொழில் கற்றவர். நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தின் மீதும், பிடியைத் தம் காதின் மீதும் வைத்துக் கேட்பார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதைப் போன்ற காட்சி அது. "இரண்டாவது வால்வு தட்டுகிறது, சார்" என்பார். திறந்து பார்த்தால் அதுவேதான். இன்று புதிய கார்கள் அவர் பட்டறைக்கு வந்தால் அவர் முதலில் எடுப்பது திருப்புளியை அன்று, ஒரு சிறு மின்னணுப் பெட்டியை. அதைக் காரின் முகப்புப் பலகைக்கு அடியில் உள்ள துளையில் செருகினால் ஓர் எண் வரும். அந்த எண் என்ன சொல்கிறது என்பது சில வேளை அவருக்குத் தெரியும். சில வேளை உற்பத்தி நிறுவனத்தின் பட்டறைக்கு மட்டுமே தெரியும். "முன்பெல்லாம் வண்டி என்னோடு பேசும், சார். இப்போது பெட்டியோடு பேசுகிறது" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் முழுமையாக நம்பவில்லை.

இயந்திரங்களை முற்றும் மறுத்தவர் என்று பலர் கருதும் காந்தியடிகள், 1924-இல் இராமச்சந்திரன் என்ற இளைஞருடன் உரையாடியபோது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனிதனின் கைக்கு அது துணை நின்றது. அவன் கையை வேண்டாததாக ஆக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1973-இல், இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் ஏறக்குறைய இதே வேறுபாட்டைக் கருவிகள் அனைத்துக்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். பயன்படுத்துவோன் ஆளக்கூடிய கருவிகள் ஒரு வகை. பயன்படுத்துவோனை ஆளும் கருவிகள் மற்றொரு வகை.

புதிய கார் எந்த வகை? 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்ட வோக்ஸ்வேகன் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். சோதனைச் சாலையில் நிற்கிறோம் என்பதைக் காரே உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி அதன் கணினிக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள். அவற்றை ஓட்டியவர்கள் நாள்தோறும் ஒரு பொய்யின் மீது அமர்ந்து சென்றார்கள். அதை அறியும் வழி அவர்களுக்கு இல்லை. என் பழைய வண்டி புகை கக்கினால் பின்னால் வருகிறவர் அதைக் கண்ணால் காண்பார். என்னைத் திட்டவும் செய்வார். 2022-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், காருக்குள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூடேற்றியைப் பயன்படுத்த மாதக் கட்டணம் கேட்டது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. நம் நாட்டு வெயிலில் இருக்கையைச் சூடேற்ற யாரும் பணம் கட்டப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் பூட்டிய அறை ஒன்று இருப்பதை நாம் பொருட்படுத்தாமல் விடலாமா?

இவ்வளவு சொன்ன பிறகு, என் கட்சி வென்றுவிட்டது என்று வாசகர் கருதக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் கருதினேன். என் மகளின் சொல்தான் மறுபக்கத்தைப் பார்க்கச் செய்தது.

என் வயதினர் காப்பிக் கடையில் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "அந்தக் காலத்து இரும்பு ஐயா! இன்றைய கார் தகரம், இடித்தால் அப்பளம்" என்பார்கள். நானும் தலையசைத்திருக்கிறேன். 2009-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம், தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி ஒரு சோதனை நடத்தியது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் ஏர் காரையும், 2009-ஆம் ஆண்டின் செவ்ரலே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தோடு முகம், ஒரு பக்கமாக மோதவிட்டார்கள். பழைய காரின் ஓட்டுநர் அறை நொறுங்கி உள்ளே சரிந்தது. மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்பது மதிப்பீடு. புதிய காரின் முன்பகுதி கசங்கியது, அறை நிலைத்தது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம், அவ்வளவே. நாங்கள் ஏளனம் செய்த அந்தக் கசங்கல் வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. மோதலின் விசையை முன்பகுதி தன்மீது வாங்கிக்கொண்டு மடிகிறது. உள்ளே இருப்பவருக்கு வந்துசேரும் விசை குறைகிறது. உறுதியான இரும்போ மடியாமல் அந்த விசையை அப்படியே மனித உடலுக்குக் கடத்திவிடுகிறது.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. எளிமையை விரும்பி நான் ஓர் அபாயத்தை ஏற்றால், அது என் உரிமை. அதற்கு நானே விலை தருகிறேன். பின்னிருக்கையில் இருக்கும் ஏழு வயதுச் சிறுவன் எதை ஏற்றான்? என் வண்டியின் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டையே கிடையாது. நம் நாட்டில் முன்னிருக்கைப் பட்டை 1979-இலும் பின்னிருக்கைப் பட்டை 2009-இலும் கட்டாயமாயின. அவன் தாத்தாவின் வண்டி என்று மகிழ்ந்து ஏறுகிறான். தாத்தாவின் தத்துவத்துக்கு அவன் கையெழுத்திடவில்லை.

அவனையாவது இறக்கிவிடலாம். சாலையில் செல்வோரை எப்படி இறக்குவது? 2023-இல் மலேசியச் சாலைகளில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பும், வண்டி சறுக்கும்போது அதை நேர்படுத்தும் அமைப்பும் என்னிடம் இல்லை. பின்னதை 2018 முதல் புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கு நம் அரசு கட்டாயமாக்கியது. அவை இருந்தால் என் எதிரே தடுமாறி விழும் ஓர் இளைஞனுக்கு முன்னால் நான் நின்றுவிடக்கூடும். அல்லது அவனை விட்டு விலகிச் செல்லக்கூடும். பள்ளிக்கூட வாயிலில் என் வண்டி விடும் புகையைச் சுவாசிப்பதும் நான் அல்லேன்.

ஆயினும், பழைய வண்டி வைத்திருப்போர் அனைவரையும் இந்தக் கூண்டில் நிறுத்துவது கொடுமை. 2009-இல், 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பினால் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் எவரும் காந்தியடிகளையோ இல்லிச்சையோ மேற்கோள் காட்டியிருக்கமாட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்தின் ஓரத்தில் குடியேறிய குடும்பத்துக்கு இருபது ஆண்டுப் பழைய கார்தான் வேலைக்கும் மருத்துவமனைக்கும் வழி. அதை விட்டால் அவர்களுக்கு வாய்ப்பது புதிய கார் அன்று. மோட்டார் சைக்கிளில் நான்கு பேர். எளிமையைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதற்கே ஒருவனிடம் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கப் பணம் இருக்க வேண்டும். என்னிடம் ஓய்வூதியம் இருந்தது. (சிங்கப்பூர் நண்பர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கு 1990 முதல் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழே பத்து ஆண்டுக்குத்தான்; கேள்விக்குச் சட்டமே விடை எழுதிவிட்டது.)

அப்படியானால், அறிய இடம் தரும் பொருளா, உயிரைக் காக்கும் பொருளா என்று இரண்டில் ஒன்றைத்தான் நாம் எடுக்க வேண்டுமா? இதை நெடுநாள் சிந்தித்தேன். எனக்கு விடையின் திசையைக் காட்டியது அந்த இருக்கைப் பட்டையே. இடுப்பையும் தோளையும் சேர்த்து அணைக்கும் மும்முனைப் பட்டையை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி அதன் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. ஒரு துணிப்பட்டை, ஒரு கொக்கி, பிடித்துக்கொள்ள மூன்று இடங்கள். சிறுவனுக்கும் விளங்கும். மோட்டார் வண்டி வரலாற்றிலேயே மிகுதியான உயிர்களைக் காத்த பொருள்களில் ஒன்று அது. அதற்குள் பூட்டிய அறை எதுவும் இல்லை. ஆகவே, பாதுகாப்பு என்பதற்காக அறிவை நம்மிடமிருந்து மறைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கணினி வந்ததனால் மட்டும் கதவு மூடிக்கொள்ளவில்லை, மூடியவர்கள் வணிகர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-இல் வாக்களித்து, கார் நிறுவனங்கள் தம் பட்டறைகளுக்குத் தரும் பழுதறி செய்திகளை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று கேட்டார்கள். 2020-இல் கம்பியில்லா வழியில் செல்லும் செய்திகளுக்கும் அதை விரித்தார்கள். எங்கள் ஊர்ப் போமனுக்குத் தேவைப்படுவதும் அதுவே. நான் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவதனால் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் மிஞ்சுவார்; அவர் தொழில் மிஞ்சாது.

இந்த எண்ணங்களோடு ஒருநாள் அவரிடம் சென்று, பின்னிருக்கைக்குப் பட்டை பொருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் இருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பை விலக்கி, விளக்கடித்துப் பார்த்தார். திருப்புளியின் பிடியால் இரண்டு மூன்று இடங்களில் மெல்லத் தட்டினார். ஒலி எனக்கே விளங்கியது.

"துளை போட்டுக் கட்டிவிடலாம், சார்" என்றார். "ஆனால், இடி விழுந்தால் பட்டையைப் பிடித்துக்கொள்ள அங்கே இரும்பு இல்லை. துருதான் இருக்கிறது. கட்டிக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் தூங்க முடியாது."

அவர் கூலி வாங்கவில்லை.

இப்போது பேரன் அவன் தாயின் காரில்தான் செல்கிறான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது அவர்கள் முன்னால் செல்ல, நான் என் வண்டியில் பின்தொடர்கிறேன். அவன் திரும்பிப் பார்த்துக் கையசைப்பான். என் பிரேக்கின் வயதை எண்ணி, நான் மிகுந்த இடைவெளி விட்டே ஓட்டுகிறேன். அந்த இடைவெளியைக் கண்டதும் இடப்புறத்திலிருந்து ஏதேனும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நுழைந்துகொள்ளும். பின்னால் ஒரு பெண் இருப்பாள், சில நாள் நடுவில் ஒரு குழந்தையும் இருக்கும். நான் காலைப் பிரேக்கின் மீது வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறேன்.