யூதித்தும் பணிப்பெண்ணும்: ஆர்ட்டமீசியாவின் ஓவியத்தில் அறப்பொறுப்பு

இத்தாலிய ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி 1593இல் உரோமையில் பிறந்தவர். ஒலோபெரினின் தலையை யூதித்து துண்டிக்கும் காட்சியை அவர் இருமுறை வரைந்துள்ளார். முதலாவது ஏறத்தாழ 1612-13ஆம் ஆண்டுகளுக்கு உரியது, நேப்பிள்சில் உள்ளது. மற்றது ஏறத்தாழ 1620க்கு உரியது. புளோரன்சின் உஃபீஸியில் உள்ளது. 1611இல் ஓவியன் அகொஸ்தீனோ தாஸ்ஸி அவரை வன்புணர்வுக்கு உள்ளாக்கினான். 1612இல் வழக்கு நடைபெற்றது. ஆதலின் யூதித்து ஓவியரே, வாள் அவர்தம் பழியுணர்வே எனும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. வாழ்க்கை வரலாறு படைப்பை அறியத் துணைசெய்வதே. ஆயினும் அதுவே படைப்பின் முழுப்பொருளாகுமா என்பது ஆராயத்தக்கது.

கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் யூதித்து நூலின்படி, பெத்தூலியா நகரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரின் மதுமயக்கத்தில் கிடக்கிறான். கைம்பெண்ணாகிய யூதித்து இறைவனை வேண்டி, அவனது வாளாலேயே இருமுறை வெட்டித் தலையைத் துண்டிக்கிறாள். பணிப்பெண்ணோ படுக்கையறைக்கு வெளியே காத்திருக்கிறாள். தலையைப் பெற்று உணவுப் பையில் இடுவதே அவள் பங்கு. கரவாஜ்ஜோ ஏறத்தாழ 1600இல் வரைந்த ஓவியத்தில் அவள் அறைக்குள் வந்துவிடுகிறாள். எனினும் துணியை ஏந்திப் பார்த்து நிற்கும் முதியவளாகவே காட்டப்படுகிறாள்.

ஆர்ட்டமீசியாவின் பணிப்பெண் இளையவள். ஒலோபெரினை மேலிருந்து அழுத்திப் பிடிப்பவள். அவனது கை எதிர்த்து எழுவதும் அவளை நோக்கியே. தனியொருத்தியின் பழி எனும் விளக்கத்துள் இம்மாற்றம் அடங்குவதில்லை. பழி ஒருத்திக்கு உரியதாக இருக்கலாம். ஓவியத்தில் செயல் இருவருக்கு உரியது.

இங்கு ஓர் அறவினா எழுகின்றது. பிறர் ஏவலுக்கு உட்பட்டவர் அச்செயலின் பொறுப்பை ஏற்கவியலுமா? நூல் பணிப்பெண்ணை வெளியே நிறுத்திக் கொலையின் கறையினின்று காக்கிறது. அதனாலேயே புகழினின்றும் விலக்குகிறது. அவளுக்குப் பெயரும் இல்லை. நூலின் இறுதியில் யூதித்து அவளுக்கு விடுதலை அளிக்கிறாள். அவ்விடுதலை தலைவி தரும் கொடை. ஓவியமோ கறையையும் பொறுப்பையும் ஒருங்கே அவள் கைகளில் வைக்கிறது. பொறுப்பேற்கும் உரிமையின்றிக் குற்றமின்மையை மட்டும் ஒருவருக்கு வழங்குதல், அவரை முழுமனிதராகக் கருதாமையே ஆகும். கொலை அறமா எனும் வினா இதனால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு விடைகூற வேண்டியவர் இருவர் என்பதே புலனாகிறது.

ஓவியரின் துயர் ஒன்றையே இவ்வோவியத்தின் பொருளாகக் கொள்ளும் திறனாய்வு, பணிப்பெண்ணை மீண்டும் அறைக்கு வெளியே நிறுத்துகிறது எனலாம்.