வேலைக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது?

எனக்குப் படிப்பு முடியப் போகிறது. வேலைக் கடிதம் வந்துவிட்டது, கூடவே புதியவர்களுக்கான பயிற்சி பற்றி ஒரு மின்னஞ்சலும். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. உடை என்ற இடத்தில் மட்டும் ‘பிசினஸ் கேஷுவல்’ என்று இரண்டே சொல். வெள்ளிக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் நம் குழுவில் இதைச் சொன்னேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் விவாதம். ஓர் அண்ணன், “திருநீறும் பொட்டும் பெரிசா வச்சிக்கிட்டுப் போ. அவங்களுக்குப் பிடிக்கலன்னா அந்த வேலையே வேணாம்” என்றார். நான்கு வருடமாக வேலைக்குப் போகும் ஓர் அக்கா, “முதல் வாரம் ஒண்ணும் வேணாம்மா. எல்லாரும் பழகின பிறகு வச்சுக்கோ” என்றார். இரண்டு பேருமே அக்கறையில்தான் சொன்னார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் இந்த இரண்டு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஏதோ பெரிய ஒழுக்க விதி என்று நினைத்தால், கதை துணி விற்றவர்களிடம் போய் நிற்கிறது. 1960களில் ஹவாய்த் தீவின் ஆடைத் தயாரிப்பாளர்கள், ‘இந்த வெயிலுக்குக் கோட்டும் டையும் எதற்கு?’ என்று கேட்டு, பூப்போட்ட சட்டைகளைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கே இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு அந்தச் சட்டை என்று ஆனது. இந்தப் பழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவியபோது எது சரி, எது அதிகம் என்று ஆளாளுக்குக் குழப்பம். 1992இல் லீவைஸ் நிறுவனம் ஒரு சின்னக் கையேடு அச்சடித்து மனிதவள அதிகாரிகள் 25,000 பேருக்கு அனுப்பியது. அவர்களுடைய டாக்கர்ஸ் சிலுவார் நன்றாக விற்றதைச் சொல்லவா வேண்டும்!

ஆகவே இது கல்லில் செதுக்கிய சட்டம் இல்லை. அதற்காக மதிக்கவே வேண்டாம் என்றும் ஆகிவிடாது. நாமும் கோயிலுக்கு உடை ஒழுங்கு வைத்திருக்கிறோம். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குச் சுற்றுலாக்காரர் ஒருவர் அரைக்கால் சிலுவாரோடு உள்ளே வந்தால் நமக்கு எப்படி இருக்கிறது? ஓர் இடத்துக்குப் போகும்போது அந்த இடத்தின் வழக்கத்துக்குக் கொஞ்சம் வளைந்து கொடுப்பது மரியாதை. கேள்வி எல்லாம், எவ்வளவு தூரம் வளைவது என்பதுதான்.

என் அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். உள்ளே போகுமுன் வளையலைக் கழற்றுவார், தலைமுடியை மூடுவார், ஸ்டிக்கர் பொட்டையும் எடுத்துவிடுவார். “பொட்டை எடுக்கச் சொல்றாங்களே, வருத்தமா இல்லையாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “தூள்ல விழுந்தா யாரு குடிக்கிறது? நீ குடிப்பியா?” என்றார். அம்மாவின் பக்தி குறைந்துவிட்டது என்று அந்த அண்ணனால்கூடச் சொல்ல முடியாது. காரணம் உள்ள விதி அது. எல்லாருக்கும் ஒன்றுதான். நேப்பாளத்திலிருந்து வந்த அக்காவும் கழற்றுகிறார், மேற்பார்வையாளரும் மோதிரத்தைக் கழற்றுகிறார்.

எல்லாருக்கும் ஒன்றா என்ற இந்தக் கேள்வி காந்தியின் வாழ்க்கையிலும் வருகிறது. 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது அவர் மறுத்து வெளியேறினார். முஸ்லிம் உடையில் இருந்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம், மற்ற இந்தியர்கள் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். ‘எதற்கு வம்பு, ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்கிறேன்’ என்று அவர் யோசித்தபோது, அப்துல்லா சேட் தடுத்தார். நீங்கள் தொப்பிக்கு மாறினால் தலைப்பாகைக்காகப் பிடிவாதமாக நிற்கிறவர்களின் நிலை என்னாகும் என்பது அவர் கேள்வி. அதே காந்தி அடுத்த ஆண்டு, நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது, தலைமை நீதிபதி சொன்னதும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். வழக்கறிஞர்கள் எல்லாருக்குமான நடைமுறை அது, பெரிய போராட்டங்களுக்குப் பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று எண்ணினார். சேட்டுக்கு அதில் மனத்தாங்கல். நான் இரண்டு பேர் பக்கமும் நிற்கிறேன். சேட் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. முதல் வாரம் நான் பொட்டை மறைத்தால், அடுத்த வருடம் அங்கே வரப்போகும் நம் தங்கைக்கும் மறைப்பதே பழக்கமாகிவிடும்.

ஆனால் ‘எல்லாருக்கும் ஒன்று’ என்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னையில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதானாம்! ஆனால் அந்த ‘எல்லார்’ யார் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமே தமிழக அரசு, பொது இடங்களில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஒரு நீதிபதியை நிறுத்தியதால் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் அந்த மாதிரி வாசல்களில் எத்தனை சாதாரண ஆட்கள் பேசாமல் திரும்பிப் போனார்களோ.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். காசுக்குப் பிரயோசனம் இல்லாத கோரிக்கைதான். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். கழுத்துப்பட்டை வைத்த சட்டை போடச் சொல்வதும் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது வேலைக்காக. இரண்டாவது, நீ யார் என்று தினமும் ஞாபகப்படுத்துவதற்காக.

இன்று நம்மை யாரும் இறங்கச் சொல்வதில்லை. நாமே இறங்கிவிடுகிறோம். பொட்டுக்காக மணிக்கணக்கில் வாதாடுகிற நம்மில் சிலர், பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா எந்தச் சேலையில் வருவார் என்று கவலைப்படுகிறோம். எந்த ஊர் என்று கேட்டால் ‘கேமரன்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம், ஹோட்டலோ ஸ்ட்ராபெரித் தோட்டமோ என்று கேட்டவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. 1929இல் ரசல் தொடங்கிய போ தோட்டம் முதல் இந்த மலையில் தேயிலை வளர்த்த கைகள் நம் பாட்டன் பாட்டியுடையவை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு தோட்டத்தை மறைத்தால் நாம் எதைக் காப்பாற்றினோம்?

சரி, கடைசியில் என்ன போடப்போகிறேன்? போனஸ் காசில் பிளேசர் வாங்கித் தருவதாக அம்மா சொன்னார். முந்நூறு வெள்ளி! வேண்டாம் என்றேன். பிசினஸ் கேஷுவலுக்கு அது கட்டாயமும் இல்லை. பஞ்சாபி சூட் போடலாமா என்று மனிதவளப் பிரிவுக்கே எழுதிக் கேட்டேன். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள், யாரும் கடித்துவிட மாட்டார்கள். மறுநாளே பதில் வந்தது: போடலாம், இரண்டாவது வாரம் பட்டறை என்பதால் அப்போது ஷால் வேண்டாம், மூடிய காலணி வேண்டும். ஆகவே முழங்கைக்குக் கீழ் வரும் குர்த்தி, கறுப்புச் சிலுவார், இஸ்திரி போட்டது. பொட்டு எப்போதும் வைக்கும் அளவில், திருநீறு ஒரு கீற்று. இதில் பெரிசும் இல்லை, ஒளித்தலும் இல்லை. அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னும் தீராதது, கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு. கடைசல் இயந்திரம் சுழலும்போது கயிறு மாட்டினால் கயிறு அறுவதற்கு முன் கை உள்ளே போய்விடும். அதைக் கழற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாட்டிதான், “கயிறு தானா அறுந்து விழணும், நாமா அவுக்கக் கூடாது” என்கிறார். தொழிற்சாலையில் அம்மா பொட்டை எடுப்பதை ஞாபகப்படுத்தினேன். “அது ஒட்டுறது, இது கட்டுனது” என்றார். இதற்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. பட்டறைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.