குதிரை வாங்குவோன் கடன்

உயிரற்ற பொருளை வாங்குவோன் விலையைக் கொடுத்ததும் கடன் தீர்ந்தவனாகிறான். உயிருள்ளதை வாங்குவோனுக்கோ விலையைக் கொடுத்த பின்னரே கடன் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் குதிரை வாணிகத்தைக் கொண்டு சிந்திப்போம்.

ஸ்பெயின் நாட்டு ஆண்டலூசியக் குதிரையின் எழிலைப் படத்தில் கண்டு விழைவோர் உளர். குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பகுதியினர் நம் நாட்டுக் குதிரையை நேரிற்கண்டு வாங்க விரும்பினால், ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குச் செல்லலாம். மார்வாரி, கத்தியவாரி முதலிய இனங்கள் அங்கே விற்பனைக்கு வரும். எவ்வினமாயினும் வினா ஒன்றே: பொருள் உடைமை மட்டுமே வாங்குவதற்குத் தகுதியாகுமா?

பாண்டிய நாட்டு வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பாண்டிய நாட்டுக்குக் கப்பலேறி வந்தன. கடல்வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை தரப்பட்டது எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கிறார். வந்தவற்றுள் பெரும்பாலானவை பேணத் தெரியாமையால் ஓராண்டுக்குள் மடிந்தன என்றும், குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டிற்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரைகள் மடிய மடிய வாணிகம் வளரும் அன்றோ!

இதில் குற்றம் யாருடையது? அறிவை மறைத்த வணிகனுடையதா, அறியாது வாங்கிய அரசனுடையதா? தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறநெறி. ஆகவே வணிகன் தப்ப முடியாது. இறந்த குதிரைக்கும் விலை கொடுத்து அவ்வாணிகத்தை வளர்த்த அரசனும் தப்ப முடியாது. அவனிடம் பொன் இருந்தது. பேணும் அறிவு இல்லை. அவ்விடைவெளியில் மாண்டவை வாயில்லா உயிர்கள்.

ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அளவு மீறிச் சுமையேற்றுதலையும் உணவைத் தடுத்தலையும் அகிம்சை விரதத்தின் குற்றங்களுள் வைத்தார். விலங்கை அளவிறந்து ஓட்டுதலையோ பொருள் வரைதல் விரதத்தின் குற்றங்களுள் வைத்தார். ஆழ்ந்து நோக்குக: பேராசையே சாட்டையாகி விலங்கின் முதுகில் விழுகிறது.

“நான் வாங்காவிடில் என்னினும் கொடியவன் வாங்குவான்” என்பர் சிலர். அது முழுப் பொய்யன்று. சந்தையில் நிற்கும் குதிரைக்கு நல்லதொரு தலைவன் வேண்டும். ஆயினும் நல்லவன் என்னும் பெயர் எண்ணத்தால் மட்டும் வாராது. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அதன் குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்தல் வேண்டும். நாள் முழுதும் மேயும் இயல்புடைய அவ்வுயிருக்குப் புல்லும் நீரும் நிழலும் உலவ இடமும் தேவை. ஓட இயலாத முதுமையிலும் உணவளிக்க உறுதி பூண்டவனே அதன் கயிற்றைக் கையில் ஏற்கலாம்.

விற்போனுக்கும் கடன் உண்டு. வயது, நோய், குணம், பழகிய தீனி ஆகியவற்றை உள்ளபடி கூறுதல் முதற்கடன். பேணத் தகுதியற்றவனுக்கு எவ்விலைக்கும் விற்க மறுத்தல் அதனினும் பெரிய கடன். இழக்கும் ஆதாயம் சிறிது. காக்கப்படுவது ஓர் உயிரின் வாழ்நாள் முழுதும்.