கண்ணீர் பொறுமைக்கு விரோதமா?

மௌத்தான வீட்டில் நுழைந்ததும், "அழாதீர்கள், சபூர் செய்யுங்கள்" என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ அழுகையை அடக்கிக்கொண்டு, தன் ஈமானே குறைந்துவிட்டதோ என அஞ்சுகிறாள். இது நியாயமா?

அருமை மகனார் இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்கள். அவர்கள் தடுத்தது ஒப்பாரியையும் கன்னத்தில் அறைந்துகொள்வதையுமே.

துயருற்றோருக்குத் துணைநிற்பதையே தொழிலாய்க் கொண்ட ஆலோசகர்களும் முதலில் உபதேசிப்பதில்லை, பேசவிட்டுக் கேட்கிறார்கள். 1969-ல் டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய ஐந்து நிலைகள்கூட மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றியவை. உறவை இழந்தோரின் துக்கத்துக்குத் தவணை குறிக்க வந்தவையல்ல.

ஹிஜ்ரி 8-ல் ஜஃபர் (ரலி) அவர்கள் மூத்தாவில் ஷஹீதானபோது, அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சகோதர சகோதரிகளே! நாமும் சோறு கொண்டுசெல்வோம், அருகில் அமர்வோம், அழுகையைத் தடுக்காதிருப்போம்.