மே மாதத்தில் யார் வருவார்?

மே மாதம் பிறந்ததும் இரத்த வங்கியிலிருந்து போன் வரும். "சார், அபூர்வ வகையெல்லாம் கேக்கல. சாதாரண ஓ பாசிடிவே இல்ல. உங்க பசங்க யாராவது ஊர்ல இருக்காங்களா?" கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த காலத்தில் கோடை தவறாமல் எனக்கு வந்த அழைப்பு இது. பசங்க இருக்க மாட்டார்கள். தேர்வு முடிந்து விடுதி பூட்டியாகியிருக்கும். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான், இன்னொருவன் கல்யாண சீசனில் கேட்டரிங் வேலைக்கு. பெண் பிள்ளைகளை வீட்டிலிருந்து தனியாக அனுப்ப மாட்டார்கள்.

அக்டோபர் 1 அன்று கதையே வேறு. தேசியத் தன்னார்வ இரத்ததான நாள் என்பதால் ஊரில் உள்ள எல்லாக் கல்லூரிகளிலும், பாலிடெக்னிக்குகளிலும் முகாம் நடக்கும். கட்டில் போதாது, பை போதாது. வரிசையில் நிற்கிற பையன்களைப் பார்த்து மருத்துவர், "இன்னிக்கு இவ்வளவு போதும் சார்" என்று என் காதோடு சொல்வார். தலைவர்கள் பிறந்தநாளிலும் நடிகர்கள் பிறந்தநாளிலும் இதே நெரிசல்தான்.

எடுத்த இரத்தத்தைப் பிரித்துவைத்தால் தட்டணுக்கள் ஐந்து நாள் தாங்கும். சிவப்பணுக்கள், பையில் சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ இருக்கும். அக்டோபர் முதல் தேதி கொடுத்த இரத்தம் நவம்பர் நடுவில் காலாவதி. தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. அந்தக் குழந்தைக்கு அக்டோபரும் ஒன்றுதான், மேயும் ஒன்றுதான்.

ஒரு நல்ல காரியம் யாருடைய காலண்டரைப் பார்த்து நடக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது அந்த மே மாத அழைப்புகளால்தான்.

முகாமைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொடுக்க வந்து, ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிகள் ஒவ்வொரு முகாமிலும் ஏராளம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. திருப்பி அனுப்பப்படும் மாணவிகள் முகம் சுண்டிப்போய், பிஸ்கட் பாக்கெட்டும் கிடைக்காமல் வகுப்புக்குத் திரும்புவார்கள். எத்தனை பை சேர்ந்தது என்று நாளிதழுக்குச் செய்தி போகும். திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியல்தான் அன்றைக்குக் கிடைத்த மிக முக்கியமான காகிதம் என்பது என் கட்சி. அதைப் பெரும்பாலும் யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை. எழுதிவைத்து அடுத்த ஆறு மாதம் பின்தொடர்ந்தால் அதுவே ஒரு வருடத்துச் சேவை.

நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டில். அப்போது மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பம். அதற்கு முன்பே பத்து வருடம் விவாதம் நடந்திருக்கிறது. சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு மாணவர்களுக்குத் தேசப் பணியைக் கட்டாயமாக்கலாம் என்றது. பல நாடுகளில் இதை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன் விருப்பத்தின் பேரில்தான் இருக்க வேண்டும் என்று 1960-இல் அறிக்கை கொடுத்தார். சையிதைன் பக்கம்தான் நாடு சாய்ந்தது. விருப்பம் என்றாலும் நமக்குக் கணக்கு வேண்டுமே! வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம், கடைசியில் சான்றிதழ். எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் 'பகுதி ஐந்து' என்று மதிப்பெண் பட்டியலிலும் ஒரு வரி ஏறும்.

சான்றிதழுக்காக வருகிறார்கள் என்று சக பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். வரட்டுமே. சான்றிதழுக்கு வந்தவன், முகாம் சாப்பாட்டுக்கு வந்தவன், வீட்டை விட்டு ஏழு நாள் வெளியே தங்கக் கிடைத்த முதல் வாய்ப்பு என்று வந்தவள், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். எதற்காக வந்தார்கள் என்பதை வைத்து யார் நிலைப்பார்கள் என்று என்னால் ஒருபோதும் கணிக்க முடிந்ததில்லை.

திட்டத்தின் சின்னம் கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம். அதிலுள்ள எட்டுக் கம்பிகளும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன, எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று விளக்கம் சொல்வார்கள். சட்டையில் குத்திக்கொள்ள அழகான சின்னம். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் எந்நேரமும் எப்படித் தயாராக இருப்பான்? செமஸ்டர், அரியர், பகுதிநேர வேலை, கடைசிப் பேருந்து என்று அவனுக்கு எத்தனையோ இருக்கின்றன. தனி ஒருவனிடம் எட்டுச் சாமத்தையும் கேட்பது அநியாயம். ஓர் அலகில் நூறு பேர் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் கேட்கலாம். மன்றம் என்று ஒன்று எதற்கு? நூறு பேரும் ஒரே நாளில் கூடுவதற்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ நூறு பேரும் ஒரே நாளில் கூடாமல் இருப்பதற்குத்தான் மன்றம் வேண்டும் என்று படுகிறது. கூடுவதற்குத் திருவிழாவே போதும்.

எங்கள் சிறப்பு முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் அமையும். தேதியை முடிவுசெய்வது தேர்வு அட்டவணை. டெல்டாவில் அது தை போய் மாசி வரும் நேரம், சம்பா அறுப்பு. ஒரு வருடம் பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணியாகப் பதாகைகளோடு தெருத்தெருவாகப் போனோம். கோஷம் போட்ட எங்கள் பிள்ளைகளைத் தவிர தெருவில் இரண்டு நாய்கள்தான். ஊர் முழுக்கக் கொள்முதல் நிலையத்தில் இருந்தது. நெல்லைக் கொட்டிக் குவித்து, படுதா போர்த்தி, முறை வரும்வரை இரவும் பகலும் காவல். திண்ணையில் இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வாத்தியாரய்யா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்ற நேரத்துல ஊரு ஊர்ல இருக்காது. சித்திரையில வாங்களேன், ஒக்காந்து பேசலாம்." சித்திரையில் எங்களுக்குத் தேர்வு. அவருக்கு அதை எப்படிச் சொல்ல?

அந்த முகாமில் கூட்டம் சேர்ந்தது இரண்டே இடத்தில். ஒன்று கால்நடை மருத்துவ முகாம். எந்த ஊரிலும் மனிதருக்கான முகாமைவிட மாட்டுக்கான முகாமுக்குத்தான் கூட்டம் வரும், திட்ட அலுவலர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இன்னொன்று நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று மாணவிகளிடம் ஓர் அம்மா வங்கிப் பாஸ்புக்கை நீட்டி, "இதுல காசு ஏறியிருக்கா பாரு கண்ணு" என்று கேட்டார். பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் முதியோர் உதவித்தொகை மனு, பயிர்க் காப்பீட்டுப் படிவம், பட்டா மாறுதல் என்று பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். வயலிலிருந்து திரும்பி, கைகால் கழுவி, விளக்கு வைத்த பிறகு வந்தார்கள். ஊருக்கு ஓய்ந்த நேரம் அதுதான். எங்கள் நிரலில் அந்த நேரத்துக்குக் கலைநிகழ்ச்சி ஒத்திகை என்று போட்டிருந்தது.

பேரிடர் வந்தால் மட்டும் எல்லாருடைய காலண்டரும் ஒன்றாகிவிடுகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தேர்வுகள் தள்ளிப்போயின, கல்லூரிகள் மூடிக்கிடந்தன, இடுப்பளவுத் தண்ணீரில் மாணவர்கள் சோற்றுப் பொட்டலம் சுமந்தார்கள். இளைஞர்கள் பொறுப்பற்றவர்கள் என்று பேசுகிறவர்கள் வாயடைத்த நாட்கள் அவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியபோதும் அப்படித்தான் வந்தார்கள். வண்டி வண்டியாக அரிசியும் பாயும் வந்தன, மெயின் ரோட்டோடு நின்றன. உள்ளே கிடந்த ஊர்களுக்கு நடந்துபோய்ச் சேர்ந்த சில மாணவர் குழுக்களை இன்றும் அந்த மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்டது காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அந்த ஐந்தாறு வருடத்துக்கு முகாம் போட யாருக்கு முடிந்தது?

பணம் திரட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, இருந்தாலும் கொஞ்சம். டிசம்பர் 7 கொடிநாள் வந்தால் பள்ளிக்கூடத்தில் துண்டுக்கொடி கொடுத்து விற்றுவரச் சொன்னதும், விற்காத கொடிக்கு அப்பா காசு கொடுத்ததும் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. நிதி திரட்டலில் நம் முதல் பாடம் அது. இப்போது உண்டியல் போய் கியூஆர் அட்டை வந்திருக்கிறது, கல்லூரி விழாவில் பானிபூரிக் கடை போட்டு லாபத்தை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கொடுக்கிற விழாவுக்குப் பிளக்ஸ், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போனபிறகு மிச்சத்துக்கு வாங்குவது பெரும்பாலும் நோட்டும் பேனாவும் பிரெட்டும் பழமும். அந்த இல்லத்துக்கு வேண்டியது நீர்த்தொட்டிக்கு ஒரு மோட்டாராக இருக்கும். மோட்டாரைக் கையில் கொடுப்பதுபோல் படமெடுக்க வாகாக இருக்காது.

இதிலும் நம்மிடம் நல்ல முன்மாதிரி இருந்தது. காமராஜர் ஆட்சியில், 1950-களின் இறுதியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். கட்டடம், பெஞ்சு, சீருடை என்று இந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்பதை முதலில் பட்டியல் போட்டுவிட்டுத்தான் ஊராரிடம் கேட்டார்கள். ஏழை ஊர்களும் அள்ளிக் கொடுத்தன. கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு பழந்துணிகள் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. வீடு போன மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. வீடுதான் போயிருந்தது, மானம் போகவில்லை.

இவ்வளவு குறை சொன்ன எனக்கு நம்பிக்கை கொடுப்பது ஒரு வேலை. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுவது. பள்ளிப் பொதுத்தேர்வு என்றால் ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். கல்லூரித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் பெரும்பாலும் தேர்வரே ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, அப்படி அழைத்துவரும் ஆள் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று இருந்தது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும். ஆள் தேவைப்படுவதோ நவம்பரிலும் ஏப்ரலிலும், எழுதப்போகிறவருக்கும் தேர்வு நெருங்கும் வேளையில். பேனர் வைக்க முடியாது, தேர்வறைக்குள் படமெடுக்க முடியாது.

வணிகவியல் படித்த ஒரு மாணவி வரலாற்றுத் தேர்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை. "சார், அந்த அண்ணன் ஒரு வருஷத்தைத் தப்பாச் சொன்னாரு. எனக்கு அது தெரியும். ஒன்பதாவதுல படிச்சது." நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அவரு சொன்னதைத்தான் சார் எழுதினேன். திருத்தினா அது என் பரீட்சையா ஆயிடும்ல." நலப்பணி பற்றி நாங்கள் நடத்திய கருத்தரங்குகளில் இதற்கு இணையாக ஒருவரும் பேசவில்லை. தன் நேரத்தைக் கொடுக்கிறவர்கள் உண்டு. தன்னுடைய சரியையும் ஓரமாக வைத்துவிட்டு இன்னொருவருக்குக் கையாக மட்டும் இருக்க இருபது வயதில் எத்தனை பேருக்கு முடியும்? எனக்கு இந்த வயதில் முடியுமா என்பதே சந்தேகம். திருத்துவது என் தொழில்.

அவளைப் பார்த்த பிறகு மே மாதத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். அக்டோபர் முகாமை நிறுத்தவில்லை, நிறுத்தினால் நிர்வாகம் சும்மா விடாது. கோடையிலும் ஊரிலேயே இருக்கும் டே ஸ்காலர்கள், பழைய மாணவர்கள், வருடம் முழுக்கக் கடை நடத்தும் பையன்களின் அண்ணன்மார் என்று ஒரு பட்டியல். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால் அந்தக் கணக்குப்படி முறை பிரித்து இரத்த வங்கியிடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் கூப்பிட்டால்தான் போக வேண்டும். அக்டோபரில் கொடுக்க ஆசைப்பட்டவர்களில் பாதிப் பேரிடம், "உனக்கு இப்போ வேணாம், மே 10-க்கு மேல" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர்களில் சிலர் மே மாதம் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள் என்று சொல்ல ஆசை, ஒரு வருடம் இருந்தார்கள், மறு வருடம் இல்லை.

பட்டியலில் இருந்த ஒருவன் மே முழுக்கக் காத்திருந்து, ஒரு தடவையும் கூப்பிடப்படாமல், ஜூனில் கல்லூரி திறந்ததும் பணிக்குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெளியூர் போகாமல், மாமா வீட்டுக் காதுகுத்துக்கும் போகாமல் இருந்திருக்கிறான். "இதை எந்தக் கட்டத்துல சார் எழுதறது?" குறிப்பேட்டில் தேதி, செய்த பணி, மணி நேரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. செய்த பணி என்று ஒன்றும் இல்லை. 'இதர பணிகள்' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் அவனே பத்து என்று போட்டுக்கொண்டான். குறைவாகத்தான் போட்டிருந்தான், நான் திருத்தவில்லை.