தாய் வீட்டுக்கு அனுப்பலாமா?

கோர்வைச் சேலை இரண்டு ஆள் வேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் தறியில் மூன்று நாடா ஓடும். நெசவாளர் தறிக்குழியில் கால் வைத்து மிதித்தபடி இரண்டைப் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை வீசிக் கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்தின் நெசவாளர் வீடுகளில் அந்தப் பக்கத்து ஆள் பல நேரம் மனைவிதான். சேலைக் கூலி மட்டும் பெரும்பாலும் கணவர் பெயரில் வரும்.

அப்படி ஒரு வீட்டில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்று மருத்துவர் சொல்லியாயிற்று. அன்று இரவே வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "முடியிற வரைக்கும் அவங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டுமே."

இது சரியா, தவறா?

சட்டென்று தவறு என்று சொல்லிவிட முடியாது. தறி நின்றால் கூலி இல்லை. மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் தொங்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். ஆனால் கூடப் போகிறவர் இழக்கும் நாள் கூலி அதில் சேராது. இந்த விஷயத்தில் ரயில்வே கொஞ்சம் விவரமானது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளியோடு துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை தருகிறது. அதோடு, வாந்தி எடுக்கும்போது நெற்றியைப் பிடிக்க மாமியாரைவிட அம்மா இருந்தால் நல்லது என்று அந்தப் பெண்ணே நினைக்கலாம்.

இவ்வளவும் நியாயம்தான். உறுத்துவது வேறொன்று. கணவருக்கு நோய் வந்தால் அவரை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பலாம் என்று எந்த மனைவியிடமாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இந்த ஊரின் பெரிய கதையே ஒரு மனைவியின் கதை. மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசை செய்கிறாள் காமாட்சி. கம்பையாற்றில் வெள்ளம் வருகிறது. எழுந்து ஓடாமல் லிங்கத்தைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். ஏகாம்பரநாதர் கோயிலில் இன்றும் சொல்லப்படுவது அதுதான். நளாயினியோ தொழுநோய்க் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாள். கூடையில் மனைவியைச் சுமந்த கணவனின் கதையைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆண்களுக்கு இந்தப் பாடத்தில் முன்மாதிரியே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

கதையை விடுவோம், கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் மூளைக் கட்டி, பிற புற்றுநோய்கள், நரம்பு மண்டல நோய் ஆகியவை வந்த 515 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நோயாளி ஆணாக இருந்தபோது 2.9 சதவீதத் திருமணங்கள் முறிந்தன. பெண்ணாக இருந்தபோது 20.8 சதவீதம். நம் ஊரில் இப்படி எண்ணிப் பார்ப்பது கடினம். இங்கே பலர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அம்மா வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிப்போவார், அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தாலும் புற்றுநோய் விவாகரத்துக்குக் காரணமாக ஒருபோதும் இருந்ததில்லை. காரணமாக இருந்த தொழுநோயையும் 2019இல் நீக்கிவிட்டார்கள்.

ஆகவே எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைவிட, யார் முடிவெடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவராகக் கேட்டுப் போனால் அது ஓய்வு. அவரைக் கேட்காமல் பெட்டி கட்டினால் அது கைவிடுதல். வாராவாரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாலும் அதன் பெயர் மாறாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. "நான் அம்மா வீட்டுக்குப் போயிடறேங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று பல பெண்கள் தாமே முந்திக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே சம்மதமாக எடுத்துக்கொள்கிற கணவர், தனக்குச் சௌகரியமானதை மட்டும் காதில் வாங்குகிறார். ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்க வேண்டும். இருந்தால் நான் என்னென்ன செய்வேன் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? சிவப்பு நிற மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் செந்நிறமாகப் போகும். ரத்தம் என்று பயப்படாமல் இருக்க முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதல் சில நாட்கள் தாளிக்கும் வாசனையே குமட்டும். அதனால் ரசம் வைப்பவர் கடுகைத் தொடாமல் வைக்கப் பழக வேண்டும். முதல் இரண்டு நாட்கள் வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டு அலச வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தலையணை முழுக்க முடி கிடக்கும். அதைச் சத்தமில்லாமல் பெருக்கி எடுக்க வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். விருந்தாளிகளை வாசலோடு அனுப்ப வேண்டிய நாட்கள் அவை.

இதில் எதற்கும் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. அறுந்த பட்டு இழையை விரல் நுனியில் தேடிப் பிடித்து முடிச்சிடுகிறவருக்கு இந்தப் பொறுமை புதிதும் இல்லை.

தறிக்கு வருவோம். கீமோ சுழற்சியில் மோசமான நாட்கள் எவை என்று ஓரளவு முன்பே தெரியும். அந்த நாட்களில் தறியை நிறுத்தி, தேறிய நாட்களில் நெய்யலாம். சேலை இரண்டு வாரம் தள்ளிப்போகும். அதைப் பொறுத்துக்கொள்ளும் கடமை சேலையைக் கொடுக்கச் சொன்ன முதலாளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உண்டு. கணவரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு, கெடு தேதியை மாற்ற மாட்டேன் என்று ஊர் கைகட்டி நிற்பது ஒப்புக்கொள்ளக் கூடியதல்ல.

நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீமோ நடக்கும் மாதங்களில் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், புகுந்த வீடோ தாய் வீடோ, நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.