அவருடைய விருப்பத்துக்கும் ஹக்கு உண்டு

நம் மஹல்லாக்களில் சில தாய்மார்கள் கேட்கும் துஆ ஒன்று உண்டு. "யா அல்லாஹ்! எனக்கு முன்னால் இவனை எடுத்துக்கொள்" என்பதே அது. பெற்ற பிள்ளையின் மௌத்தைத் தாயே கேட்பது அன்பில்லாததால் அன்று. அறிவு வளர்ச்சி குன்றிய அந்தப் பிள்ளைக்கு முப்பதோ நாற்பதோ வயதாகியிருக்கும். தனக்குப் பிறகு சோறு போடுவார் யார் என்ற அச்சமே அவளை அப்படிக் கேட்க வைக்கிறது.

சோறும் உடையும் கிடைத்துவிட்டால் அவருடைய ஹக்கு நிறைவேறிவிட்டதா? குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, விருந்தாளிகள் வந்தால் உள்ளறைக்கு அனுப்பிவிடும் வீடுகள் இருக்கின்றன. கவனிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சட்டை வேண்டும் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மதீனாவில் கொடுக்கல் வாங்கலில் அறிவு பலவீனமான ஒரு மனிதர் இருந்தார். அவர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்றும், அவருடைய தந்தையார் என்றும் இரு சொல் உண்டு. வியாபாரத்தில் அவர் ஓயாமல் ஏமாந்தார். குடும்பத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, அவருக்குத் தடை விதிக்குமாறு வேண்டினர். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, வியாபாரம் வேண்டாமென்றார்கள். அவரோ தம்மால் அதை விட்டிருக்க முடியாது என்றார். இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அறிவு பலவீனமானவரின் அந்தச் சொல்லை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள்! ஏமாற்று கூடாது என்று பேரத்தின்போதே சொல்லிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரும் உரிமையும் அவருக்கு இருந்ததாக வேறு அறிவிப்பில் வருகிறது. காரியம் அவர் கையிலேயே இருந்தது; துணை ஒன்று சேர்ந்தது. (மதரஸாக்களில் இந்த ஹதீஸ் வியாபாரப் பாடத்தோடு முடிந்துவிடுகிறது. குடும்பப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு.)

ஹனபி சட்ட நூல்கள் அறிவு குன்றியவரை 'மஃதூஹ்' என்கின்றன. அன்பளிப்பை ஏற்பது போல முழுக்க நன்மையானதை அவர் சுயமாகவே செய்யலாம். முழுக்க நஷ்டமானது செல்லாது. விற்பனை போல இரண்டும் கலந்தது வலீ சம்மதித்தால் செல்லும். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டுப் போடவில்லை, பாருங்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பாதுகாவலரைக் குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. அதுவும் அவருடைய விருப்பப்படி, இருவரும் கலந்து.

எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இவர்களுக்கும் தருகிறது. 2007இல் இந்தியாவும் அதை ஏற்றது. இதைச் சொன்னால், "பெற்ற பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைப்பதா? உறவை முறிப்பதல்லவா?" என்று கேட்பார்கள். தனியே விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பார்கள், உதவியாளர் வருவார். ஒருவருக்கு இரவும் பகலும் ஆள் வேண்டும். இன்னொருவருக்கு மாலையில் ஒரு மணி நேரம் போதும். உம்மா வீட்டிலேயே இருக்க விரும்புபவர் அங்கேயே இருக்கட்டும். அவரைக் கேட்டோமா என்பதுதான் விஷயம்.

செலவுக்கு எங்கே போவது? அறிவுக் குறைவு வாரிசுப் பங்கில் ஒரு காசையும் குறைப்பதில்லை. 'நாங்கள்தானே பார்க்கிறோம்' என்று கூடப் பிறந்தவர்கள் அந்தப் பங்கைத் தங்கள் பங்கோடு சேர்த்துக்கொள்வது அமானிதத்தில் கை வைப்பதாகும். சொத்தை ஆளத் தெரியாதவருக்கு உணவும் உடையும் கொடுத்து, அவரிடம் நல்ல சொல்லும் பேசுமாறு சூரா அந்நிஸாவின் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தப் பங்கின் வருமானம் வீட்டு வாடகைக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் போகட்டும். கணக்கு எழுதி வைக்கப்படட்டும்.

பெற்றோர் ஹயாத்தாக இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். மௌத்து வீட்டின் மறுநாளில் ஒருவருக்குச் சோறு வடிக்கக் கற்றுக் கொடுக்க முடியாது. முதலில் வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுக்கலாம். பிறகு கடைக்கு அனுப்பலாம். ஏமாற்றுவார்களே என்றால், தெருக் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: இவர் வாங்கியதை மூன்று நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.